நேச நாட்டோடு மோதிய துறவித் தளபதி

அவர் கடற்படை அதிகாரியாக வாழ்க்கையைத் தொடங்கினார். பிறகு உலகைத் துறந்து மடத்தில் சேர்ந்தார். இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் படை உடுப்பு அணிந்தார். அட்மிரல் ஆனார். பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவில் பிரான்சு நாட்டின் கொடியைக் காக்க அனுப்பப்பட்டார். அங்கே எதிரி வந்து இறங்கவில்லை. நண்பன்தான் வந்து இறங்கினான். அந்த நண்பனோடுதான் அவருக்குத் தகராறு மூண்டது.

அவர் பெயர் ஜார்ஜ் தியெரி தார்ஜான்லியூ. வியட்நாம் போர் எப்படி ஆரம்பமாயிற்று என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் இவர் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் வியட்நாமில் நடந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. அது 1942-ம் ஆண்டில், நியூ கலிடோனியா தீவில் நடந்தது.

கடலும் மடமும்

தார்ஜான்லியூ 1889-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள பிரெஸ்ட் துறைமுகத்தில் பிறந்தார். கடற்படைக் குடும்பம். 1906-ல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். மொராக்கோவில் நடந்த போரில் பணியாற்றினார். முதலாவது உலகப் போரில் மத்தியதரைக் கடலில் ரோந்துக் கப்பல் ஒன்றுக்குத் தலைவராக இருந்தார்.

போர்க் காலத்திலேயே அவர் மனம் துறவில் சென்றது. போர் முடிந்ததும் வேலையை உதறினார். 1920-ல் பாரீசுக்குத் தெற்கே, போன்தென்ப்ளோ அருகில் உள்ள ஆவோன் என்ற ஊரில் கார்மல் சபை மடத்தில் சேர்ந்தார். பழைய பெயர் போயிற்று. திரித்துவத்தின் லூயி என்ற துறவுப் பெயர் பெற்றார். 1925-ல் குருப்பட்டம் பெற்றார். 1932-ல் பாரீஸ் மாகாணத்தில் தம் சபைக்குத் தலைவரானார்.

கார்மல் சபை கடுமையான விதிகள் கொண்டது. மௌனம், ஜெபம், கீழ்ப்படிதல். இந்த மூன்றாவது பாடம் அவருக்கு நன்றாகப் படிந்திருந்தது. மேலிடத்துக்குக் கீழ்ப்படிவார். தமக்குக் கீழே உள்ளவர்களும் அப்படியே நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் குணத்தை நினைவில் வைக்க வேண்டும்.

சக நாட்டவர் சுட்ட குண்டு

1939-ல் இரண்டாவது உலகப் போர் மூண்டது. முன்னாள் அதிகாரி என்ற முறையில் அவருக்கும் அழைப்பு வந்தது. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஷெர்பூர் துறைமுகத்துக்குப் போனார். 1940 ஜூன் 19-ந் தேதி ஜெர்மானியர்கள் அந்தத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். தார்ஜான்லியூவும் கைதானார். கைதிகளைக் கொண்டு போகும் வழியில் மூன்றாம் நாள் தப்பினார். ஜெர்சி தீவு சென்று, அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்தார்.

அப்போது பிரான்சு வீழ்ந்துவிட்டது. கிழவர் பெத்தான் விஷி நகரில் அரசாங்கம் அமைத்து, ஜெர்மனியோடு சமாதானம் செய்துகொண்டார். அதை ஏற்காத டிகால், லண்டனில் இருந்தபடி சுதந்திர பிரெஞ்சு இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அவரிடம் ஆள் இல்லை, கப்பல் இல்லை, பணமும் இல்லை. பாதிரியாராகப் பணிபுரிய வந்த தார்ஜான்லியூவை, கடற்படை அதிகாரியாகவே வைத்துக்கொண்டார்.

டிகாலுக்குப் பிரான்சில் ஒரு சாண் நிலம்கூட இல்லை. ஆகவே உலகம் எங்கும் சிதறிக் கிடந்த பிரெஞ்சு குடியேற்ற நாடுகளைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தார். சில தாமாக வந்தன. இந்தியாவில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சுப் பகுதிகளை ஆண்ட கவர்னர் போன்வேன், 1940 செப்டம்பரில் டிகால் பக்கம் சேர்ந்தார். அதே மாதம் ஆப்பிரிக்காவின் டாக்கர் துறைமுகத்துக்கு டிகால் கப்பல்களோடு போனார். 23-ந் தேதி சமாதானக் கொடி பிடித்துப் படகில் தூது போனவர் தார்ஜான்லியூ. விஷி அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்கள் அந்தப் படகை நோக்கிச் சுட்டார்கள். அவருக்குக் காலில் பலத்த காயம்.

ஜெர்மானியன் சுட்டிருந்தால் அது போரின் கணக்கு. தம் மொழி பேசும் பிரெஞ்சுக்காரனே வெள்ளைக் கொடியைப் பார்த்த பிறகும் சுட்டான். யாரையும் எளிதில் நம்பாத சுபாவம் அவரிடம் வேரூன்ற இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

டிகாலின் நம்பிக்கைக்கு உரியவர்களில் ஒருவரானார். விடுதலை வீரர் விருது என்ற புதிய விருதை டிகால் ஏற்படுத்தியபோது, அந்த விருதுக் குழுவின் முதல் தலைவராக இவரையே நியமித்தார். 1941-ல் பசிபிக் பகுதிக்குப் பிரான்சின் ஹை கமிஷனர் பதவியும் தேடி வந்தது.

நிக்கல் தீவு

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அப்பால் உள்ளது நியூ கலிடோனியா. சுமார் 400 கிலோ மீட்டர் நீளம், 50 கிலோ மீட்டர் அகலம். 1853 முதல் பிரான்சின் ஆட்சி. தலைநகர் நூமியா.

அந்தத் தீவின் மண்ணில் நிக்கல் கிடைக்கிறது. நிக்கல் சேர்த்தால் எஃகு உறுதி பெறும். பீரங்கிக்கும், போர்க்கப்பலுக்கும் அது வேண்டும். போருக்கு முன்னால் ஜப்பானும் அங்கிருந்து உலோகக் கனிமம் வாங்கி வந்தது.

அப்போது அங்கே ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகமான மக்கள். அவர்களில் பாதிக்கு மேல் கனாக் என்னும் பூர்வ குடிகள். பிரெஞ்சு வம்சாவளியினர் சுமார் 17 ஆயிரம். மீதிப் பேரில் பெரும்பாலோர் டோங்கின் பகுதியிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சுரங்கத்தில் மண் வெட்டியவர்களும், காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர்களும் இவர்களே.

இந்தத் தீவை டிகால் பக்கம் கொண்டு வந்தவர் ஹென்றி சோத்தோ என்ற அதிகாரி. அவர் 1933 முதல் அருகே உள்ள நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளில் பிரெஞ்சுப் பிரதிநிதியாக இருந்தவர். அந்தத் தீவுகளில் பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆட்சி நடத்தின. இரண்டு கொடி, இரண்டு போலீஸ், இரண்டு சட்டம். ஒரு சிறு காரியம் நடக்க வேண்டும் என்றாலும் இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். ஏழு ஆண்டுகள் அங்கே காலம் தள்ளியவர் சோத்தோ. அடுத்த நாட்டுக்காரனோடு அனுசரித்துப் போகும் வித்தையை அங்கே கற்றிருந்தார்.

1940 ஜூலையில் அவர் நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளை டிகால் பக்கம் சேர்த்தார். செப்டம்பர் 19-ந் தேதி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு போர்க்கப்பல் துணை வர, நார்வே நாட்டு எண்ணெய்க் கப்பல் ஒன்றில் நூமியா வந்து இறங்கினார். விஷி அரசின் போர்க்கப்பல் துறைமுகத்தில் நின்றது. ஆனால் உள்நாட்டிலிருந்து குடியானவர்கள் திரண்டு நகருக்குள் வந்துவிட்டார்கள். சோத்தோ கவர்னரானார். மக்கள் தாங்களே அழைத்து அமர்த்திய கவர்னர் என்று அவர்மீது அவர்களுக்கு ஒரு தனிப் பாசம் இருந்தது.

ஒரே தீவில் இரண்டு மேலதிகாரி

1941 நவம்பரில் தார்ஜான்லியூ நூமியா வந்தார். கவர்னருக்கு மேல் ஹை கமிஷனர். இருவரும் ஒரே ஊரில். ஒரு காரியாலயத்தில் இரண்டு மேலதிகாரிகள் இருந்தால் என்ன ஆகும் என்பது காரியாலயத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

சோத்தோ மக்களோடு கலந்து பழகுகிறவர். தார்ஜான்லியூ ஒதுங்கி நிற்பவர், கண்டிப்பானவர். அவருடன் வந்த அதிகாரிகளை உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. தீவை மீட்டுக் கொடுத்த தங்களை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதிகாரம் செய்கிறார்கள் என்ற குமுறல் பரவியது.

டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. நியூ கலிடோனியாவில் வாழ்ந்த ஜப்பானியர் ஆயிரம் பேருக்கு மேல் கைது செய்யப்பட்டு, ஆஸ்திரேலியாவில் காவலில் வைக்கப்பட்டார்கள். பல ஆண்டுகள் அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்களும், உள்ளூர்ப் பெண்களை மணந்து பிள்ளை குட்டிகளோடு இருந்தவர்களும் அதில் அடக்கம்.

1942 ஜனவரியில் ரபால் விழுந்தது. பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. நான்கு நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர்மீது குண்டு விழுந்தது. அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கடல் வழியில் காவல் கோபுரம் போல நின்றது நியூ கலிடோனியா. அங்கே விமானத் தளங்கள் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. காக்கப் படை இல்லாமல் விமானத் தளம் மட்டும் கட்டுவது, எதிரிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும் என்று தார்ஜான்லியூ கவலைப்பட்டார். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. தீவின் இளைஞர்கள் பலர் அப்போது ஊரிலேயே இல்லை. 1941 மே மாதமே பசிபிக் பட்டாளம் என்ற பெயரில் கப்பலேறி, வட ஆப்பிரிக்காப் பாலைவனத்துக்குப் போய்விட்டார்கள்.

அமெரிக்கப் படை வந்தது

ஜனவரி 23-ந் தேதி நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கக் கப்பல்கள், ஆஸ்திரேலியா வழியாக மார்ச் 12-ந் தேதி நூமியா வந்து சேர்ந்தன. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறங்கினார்கள். தலைவர் ஜெனரல் அலெக்சாண்டர் பேட்ச். அவரும் தார்ஜான்லியூ பிறந்த அதே 1889-ல் பிறந்தவர்.

சின்ன ஊர் திணறிப் போயிற்று. தெருவெல்லாம் லாரி. வயலெல்லாம் கூடாரம். இன்றைக்கும் நூமியாவில் மோட்டார் பூல் என்றும் ரிசீவிங் என்றும் பேட்டைகள் உண்டு. அந்தப் பெயர்கள் அமெரிக்கப் படை வைத்துவிட்டுப் போனவை.

சோத்தோவுக்கும் பேட்சுக்கும் எளிதில் ஒத்துப்போயிற்று. ஒரு இடம் வேண்டும், ஒரு சாலை வேண்டும் என்றால் அமெரிக்கர்கள் கவர்னரை அணுகினார்கள். வேலை முடிந்தது. ஹை கமிஷனர் இருக்கும்போது கவர்னரிடம் எப்படிப் போகலாம் என்பது தார்ஜான்லியூவின் கேள்வி.

இது வெறும் பதவிச் சண்டை அல்ல. டிகாலைச் சட்டப்பூர்வமான அரசாங்கமாக அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை. விஷி அரசிடம்தான் தூதரை வைத்திருந்தது. 1941 டிசம்பரில் கனடா அருகில் உள்ள செயின்ட் பியர், மிக்கலோன் என்ற இரு சிறு பிரெஞ்சுத் தீவுகளை டிகாலின் கப்பல்கள் கைப்பற்றியபோது, அமெரிக்க வெளிநாட்டு மந்திரி கார்டெல் ஹல் கொதித்தெழுந்தார். 1942 மார்ச் தொடக்கத்தில்தான், பசிபிக் தீவுகள் டிகால் தரப்பின் கையில் இருப்பதை அமெரிக்கா வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதுவும் தேவைக்காக.

இத்தனை படையோடு வந்தவன் போர் முடிந்ததும் போவானா? நிக்கலைப் பார்த்த பிறகும் போவானா? டிகாலுக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. அவர் அனுப்பிய துறவிக்கும் இருந்தது. வீடே இல்லாதவனுக்குத் திண்ணைமேல் பாசம் அதிகம். நாட்டையே பறிகொடுத்த அவர்களுக்கு இந்தத் தீவுதான் பிரான்சு.

மாற்றல் உத்தரவு

ஏப்ரல் இறுதியில் லண்டனிலிருந்து தந்தி வந்தது. சோத்தோவுக்கு மாற்றல். அவரை டிகால் திரும்ப அழைத்துக்கொண்டார். வேறு பதவி தரப்படும் என்று சொல்லப்பட்டது.

செய்தி பரவியதும் நூமியா கொந்தளித்தது. கவர்னர் போகக்கூடாது என்று மக்கள் திரண்டார்கள். சோத்தோ போவதா இருப்பதா என்று தடுமாறினார். தார்ஜான்லியூ பொறுக்கவில்லை. மே 5-ந் தேதி சோத்தோவைக் காவலில் எடுத்து, போர்க்கப்பலில் ஏற்றி, நியூசிலாந்து வழியாக அனுப்பிவிட்டார். ஊர்ப் பிரமுகர்கள் சிலரையும் பிடித்து, வால்போல் என்ற ஆளற்ற சிறு தீவில் கொண்டு விட்டார்.

கடைகள் மூடப்பட்டன. வேலை நிறுத்தம் நடந்தது. பிரெஞ்சுக் கொடியையும் டிகாலின் சிலுவைச் சின்னத்தையும் பிடித்துக்கொண்டே மக்கள் டிகாலின் பிரதிநிதிக்கு எதிராகக் கோஷமிட்டார்கள். அவர்கள் டிகாலுக்கு விரோதிகள் அல்ல. தங்கள் பிள்ளைகளை டிகாலின் படைக்கு அனுப்பியவர்கள். எங்கள் கவர்னரைக் கொடுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை.

தார்ஜான்லியூ நகரை விட்டு வெளியேறி, சுமார் 100 கிலோ மீட்டர் வடக்கே உள்ள லாஃபோவா என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே குடியானவர்கள் அவரை மடக்கினார்கள். டாக்கரில் குண்டுக்குத் தப்பியவர், சொந்தக் கொடியின் கீழ் வாழும் விவசாயிகளிடம் சில நாட்கள் கைதியாக இருந்தார்.

இவையெல்லாம் நடந்த நாட்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? மே 4 முதல் 8 வரை நியூ கலிடோனியாவுக்கு வடமேற்கே பவளக் கடலில் அமெரிக்க, ஜப்பானியக் கப்பல்கள் மோதிக்கொண்டிருந்தன. 8-ந் தேதி அமெரிக்காவின் லெக்சிங்டன் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஜப்பானியரின் திட்டத்தில் நியூ கலிடோனியாவைப் பிடிப்பதும் இருந்தது. வாசலில் எதிரி நிற்க, வீட்டுக்குள் காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேட்ச் செய்ததும், செய்யாததும்

பேட்ச் சங்கடத்தில் மாட்டினார். அவருக்கு வேண்டியது அமைதி. ஜப்பானியன் வந்தால் அவர் சிப்பாய்கள் கடற்கரையைப் பார்த்து நிற்க வேண்டும், ஊரைப் பார்த்து அல்ல. அவர் மக்களை அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார். தார்ஜான்லியூவிடம், பிடித்துக்கொண்டு போன பிரமுகர்களைத் திரும்பக் கொண்டு வரும்படி வற்புறுத்தினார்.

கலகத்தைத் தூண்டியதே பேட்ச்தான் என்று தார்ஜான்லியூ சந்தேகித்தார். டிகாலும் அப்படியே எண்ணினார். அமெரிக்காவுக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். தங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று வாஷிங்டன் பதில் அனுப்பியது.

பேட்ச் நினைத்திருந்தால் ஒரே நாளில் நிர்வாகத்தைக் கையில் எடுத்திருக்கலாம். ஆள் பலம் அவரிடம் இருந்தது. மக்களில் பலர் மகிழ்ந்தும் இருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கவில்லை. தார்ஜான்லியூ விடுபட்டு நூமியா திரும்பினார். பிரமுகர்கள் ஊர் திரும்பினார்கள். மோன்ஷாம் என்ற புதிய கவர்னர் வந்தார். மே 27-ந் தேதி பேட்ச் தம் படைக்கு அமெரிக்கல் டிவிஷன் என்று பெயர் சூட்டினார். அமெரிக்கா, கலிடோனியா என்ற இரு பெயர்களையும் சேர்த்துக் கோத்த பெயர் அது.

அதே நாட்களில், பல ஆயிரம் மைலுக்கு அப்பால், லிபியாவின் பிர் ஹக்கீம் என்ற பாலைவனக் கோட்டையில் பசிபிக் பட்டாளம் ஜெர்மன் தளபதி ரோமெலின் படையைத் தடுத்து நின்றது. பட்டாளத் தலைவர் பிரோஷ் ஜூன் 9-ந் தேதி அங்கே மாண்டார். ஊரில் நடந்த சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்று தெரியாமலே பல நியூ கலிடோனியா இளைஞர்கள் அந்த மணலில் புதைந்தார்கள்.

1942 முடிவதற்குள் தார்ஜான்லியூ லண்டன் திரும்பிவிட்டார். பேட்ச் தம் படையோடு குவாடல்கனால் தீவுப் போருக்குப் போனார். நூமியா தென் பசிபிக் போருக்கே தலைமை இடமாயிற்று. அட்மிரல் ஹால்சி அங்கே வந்து, பழைய ஜப்பானியத் தூதர் வீட்டில் குடியேறினார். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தார்ஜான்லியூ பயந்தது நடக்கவில்லை.

பேட்ச் பிறகு எங்கே போனார் என்பதும் சொல்லத்தக்கது. 1944 ஆகஸ்டில் தெற்குப் பிரான்சில் இறங்கிய அமெரிக்க ஏழாவது ராணுவத்துக்கு அவரே தலைவர். பிரெஞ்சுப் படையும் அவரோடு இறங்கி, தூலோன், மார்சேல் துறைமுகங்களை மீட்டது. பிரெஞ்சு மண்ணை அபகரிக்க வந்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர், பிரெஞ்சு மண்ணை மீட்க வந்தார். அந்தப் போரில் தம் மகனையும் அங்கே பலி கொடுத்தார்.

கேட்கப்படாதவர்கள்

இந்தச் சண்டையில் கனாக் மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் அப்போது தனிச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள். அனுமதி இல்லாமல் வட்டாரம் விட்டு வட்டாரம் போக முடியாது. கட்டாய வேலை உண்டு. டோங்கின், ஜாவா கூலிகளின் நிலைமையும் இரக்கத்துக்குரியது. ஒப்பந்தம் முடிந்தும் கப்பல் இல்லாததால் அவர்கள் ஊர் திரும்ப முடியவில்லை.

அமெரிக்கர்கள் துறைமுகத்திலும் கிடங்கிலும் இவர்களை வேலைக்கு வைத்தார்கள். கூலி முன்னைவிட அதிகம். தோட்ட முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அமெரிக்கப் படையில் கறுப்பு நிறத்தவர் லாரி ஓட்டுவதையும், துப்பாக்கி பிடிப்பதையும் கனாக் மக்கள் பார்த்தார்கள். அந்தப் படையிலும் நிற பேதம் இருந்தது. ஆனாலும் பார்த்தது மறக்கவில்லை. 1946-ல் அந்தத் தனிச் சட்டம் நீங்கியது.

சைகோனில் அதே மனிதர்

தார்ஜான்லியூவின் செல்வாக்கு நூமியாவோடு முடிந்துவிடவில்லை. 1944 ஜூனில் டிகால் பிரெஞ்சு மண்ணில் மீண்டும் காலடி வைத்தபோது கூடவே இருந்தார். 1945 ஆகஸ்டில் டிகால் அவரை இந்தோசீனாவுக்கு ஹை கமிஷனராக நியமித்தார். அக்டோபர் 31-ந் தேதி சைகோன் போய்ச் சேர்ந்தார்.

அங்கேயும் நேச நாட்டுப் படை அவருக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது. பிரிட்டிஷ் ஜெனரல் கிரேசியின் கீழ் வந்த 20-வது இந்திய டிவிஷன் அது. சைகோன் நமக்குத் தெரியாத ஊர் அல்ல. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் அங்கே சர்க்கார் உத்தியோகம் பார்த்தார்கள். நகரத்தார் அங்கே வட்டிக்கடை நடத்தினார்கள்.

வடக்கே ஹனாயில் ஹோ சி மின் சுதந்திரக் கொடி ஏற்றியிருந்தார். 1946 மார்ச் 6-ந் தேதி பிரெஞ்சுப் பிரதிநிதி அவரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். 24-ந் தேதி ஹாலாங் வளைகுடாவில் ஒரு போர்க்கப்பலில் ஹோ சி மின்னை தார்ஜான்லியூ சந்தித்தார். ஆனால் அந்த உடன்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. ஹோ சி மின் பேச்சு வார்த்தைக்காகப் பிரான்சு புறப்பட்டுப் போன சமயம் பார்த்து, ஜூன் 1-ந் தேதி தெற்குப் பகுதியான கொச்சின் சீனாவைத் தனிக் குடியரசாக அறிவித்தார்.

நூமியாவில் செய்ததையே இங்கும் செய்தார். விட்டுக் கொடுத்தால் கொடி போய்விடும் என்று நம்பினார். இறுக்கிப் பிடித்தார். நூமியாவில் எதிர்த்து நின்றவர்கள் பிரெஞ்சுக் கொடி பிடித்த குடியானவர்கள். அங்கே ஒரு கவர்னரின் மாற்றலோடு போயிற்று. இங்கே எதிர்த்து நின்றது விடுதலைக்குத் துணிந்துவிட்ட ஒரு நாடு. நவம்பர் 23-ந் தேதி, அவர் பாரீசில் இருந்தபோது, பிரெஞ்சுக் கப்பல்கள் ஹைபாங் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. ஏராளமான மக்கள் மாண்டார்கள். டிசம்பர் 19-ந் தேதி ஹனாயில் போர் மூண்டது. எட்டு ஆண்டுகள் நடந்து, 1954-ல் தியன் பியன் புவில் பிரான்சு தோற்ற பிறகுதான் அந்தப் போர் ஓய்ந்தது.

அந்தப் போருக்கு அவர் ஒருவரே காரணம் அல்ல. பாரீஸ் அரசாங்கத்துக்கும், அங்கிருந்த தளபதிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பேச்சு வார்த்தைக்கு இருந்த வாசலைச் சாத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1947 மார்ச்சில் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சோத்தோவுக்கு வந்தது போன்ற ஒரு மாற்றல் உத்தரவு. அவர் கீழ்ப்படிந்தார்.

மீண்டும் அங்கி

பிரான்சு திரும்பியவர் மடத்துக்குப் போனார். மீண்டும் கார்மல் துறவி ஆனார். விருதுக் குழுத் தலைவர் பதவி மட்டும் 1958 வரை அவரிடம் இருந்தது. 1964 செப்டம்பர் 7-ந் தேதி, பிறந்த ஊரான பிரெஸ்ட் நகருக்குப் பக்கத்தில் காலமானார். அவர் துறவு பூண்ட ஆவோன் ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நேர்மையில் யாரும் குறை சொன்னதில்லை. தமக்கென்று ஒரு காசு சேர்க்கவில்லை.

சோத்தோ என்ன ஆனார்? லண்டன் போய் டிகாலைப் பார்த்தார். கொடுத்த வேலையை ஏற்றார். மத்திய ஆப்பிரிக்காவில் உபாங்கி ஷாரி நாட்டுக்கு 1946 வரை கவர்னராக இருந்தார். தார்ஜான்லியூ தலைமை வகித்த அதே விடுதலை வீரர் விருதுக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஓய்வு பெற்றதும் நூமியாவுக்கே திரும்பி வந்தார். நகர மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1947 முதல் 1953 வரை மேயராக இருந்தார். 1963-ல் அந்த ஊரிலேயே காலமானார்.

அவர்கள் சண்டையிட்ட தீவில் கொடிப் பிரச்சினை பின்னும் தீரவில்லை. நியூ ஹெப்ரிடிஸ் 1980-ல் விடுதலை பெற்று வனுவாட்டு ஆயிற்று. நியூ கலிடோனியா பிரான்சோடு இருந்தது. சுதந்திரம் வேண்டுமா என்று 2018, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. மூன்று முறையும் வேண்டாம் என்ற பக்கம் வென்றது. கடைசி வாக்கெடுப்பைக் கனாக் மக்களில் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். 1942-ல் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி அது.